மீண்டும் கண்ட கற்காலக் குடும்பம்

மக்கள் உள்ளத்தெழும் மெய்ப்பாடுகளை எட்டென எண்ணிய ஆசிரியர் தொல்காப்பியனார், அவற்றுள் நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை பிறத்தற்குரிய நிலைக்களன்களாக எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் கூறினார். அழுகைக்குக் காரணம் காட்டுதல் எளிது; நகைக்குக் காரணம் காட்டுதலோ அரிது. முன்னர் விலா நோவ நகைப்பித்த ஒன்று பின்னர் வாளா கழிவதும், முன்னர் பொருளற்றதாய்த் தோன்றிய ஒன்று பின்னர் நகை விளைப்பதும் நாமனைவரும் அறிந்தனவே. ஆதலின், இளம்பிராயத்திற் கண்டு களித்த ஒரு நகைச்சுவைப் படைப்பினைப் பல்லாண்டு கழித்து மீண்டுங் காணுதல், அப்படைப்பினை அளத்தல் மட்டுமன்று. நம்மையே அளந்து பார்த்தலுமாகும்.

சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய வாய்ப்பொன்று எமக்குக் கிட்டியது. 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' என்னும் அமெரிக்கச் சித்திரத் தொடரின் டி.வி.டி. தட்டுகளை நண்பர் ஒருவர் இரவலாகத் தந்தார். இத்தொடர் 1960ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30ஆம் நாள் முதல் 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாள் வரை, ஆறு பருவங்களாக, ஏ.பி.சி. என்னும் தொலைக்காட்சி நிறுவனத்தாரால் ஒளிபரப்பப் பெற்றது. 166 கதைகளைக் கொண்டது. சிறுபிராயத்தில் முன்பின் முறையின்றி, பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக யாம் கண்டிருந்த கதைகளை, இம்முறை அவை முதன்முதல் வெளிவந்த வரிசையிலேயே காணலானோம். கண்டவற்றையும் அவற்றால் எம்முள்ளத் தெழுந்த எண்ணங்களையும் நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தொடரை அறியாதார்க்கு அதன் பொருளைச் சுருங்கக் கூறுதும். பெட்ராக் என்னும் கற்கால ஊரில் ஃப்ரெட் ஃப்ளின்ட்ஸ்டோன் என்பானும் அவன் மனைவி வில்மாவும் வாழ்கின்றனர். அடுத்த வீட்டிலுள்ளோர் பார்னி ரபிள் என்பானும் அவன் மனைவி பெட்டியும். ஃப்ரெட் ஒரு கற்சுரங்கத்தில், மாபெரும் பல்லியுருவான விலங்கின்மீது அமர்ந்து பாறைகளைத் தூக்கும் வேலை செய்பவன். மாலையில் வேலை முடிந்தவுடன், கல்லுருளைகள் பூட்டிய காரைத் தன் காலாலேயே ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவான். ஊரின் பெயரிலும் மாந்தர் பெயரிலும் கல்லையும் பாறையையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் விரவி வருவது ஒரு விளையாட்டு. அந்நாளைத் திரைநடிகர் கேரி கிராண்ட் இவ்வூரில் கேரி கிரானைட் ஆகிவிடுகிறார்; கிரானைட் என்பது கருங்கல்.

இச்சித்திரங்களைப் படைத்தோர் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர். இவர்கள் எம்.ஜி.எம். படநிலையத்தில் பூனையும் எலியுமாகிய டாம், ஜெர்ரி என்னும் இரட்டையரைத் தோற்றுவித்து, அக்குறும்படங்களுக்காக ஏழு முறை ஆஸ்கார் விருது பெற்றவை ஈன்ற கலைஞர்கள். எனினும், 1957ஆம் ஆண்டில் அந்நிலையத்தார் தம் சித்திரப் பகுதியை மூடிவிட்டனர். விருதுகள் பல பெற்றும் வேலையிழந்த இவ்விருவரும் தமக்கென ஒரு நிலையம் நிறுவித் தொலைக்காட்சிக்குப் படம் வரையலாயினர். தொலைக்காட்சியோ திரையரங்கினர் தரும் பொருளில் மிகச் சிறு பகுதியே தரவல்லது. வாரந்தோறும் புதிய படத்தையும் வேண்டுவது. பொருளும் குறைவு, காலமும் குறைவு என்னும் இவ்விருவகை நெருக்கடியிற் பிறந்ததே இத்தொடரின் உருவம்.

அவ்வுருவத்தின் சிக்கனத்தைத் தட்டிற் காண்போர் எளிதில் உணர்வர். திரைப்படச் சுருள் வினாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடுவது. டாம், ஜெர்ரி படங்களில் உடல் முழுவதும் அசையுமாறு எண்ணிறந்த சித்திரங்களை வரைந்தனர். இத்தொடரிலோ உடலை ஒரு தாளிலும், தலையையும் வாயையும் கையையும் வேறு தாள்களிலும் எழுதி, அசைய வேண்டிய உறுப்பை மட்டும் மாற்றினர். பேசுங்கால் வாய் மட்டும் அசையும். எஞ்சிய உடல் சிலையென நிற்கும். ஃப்ரெட் தன் வீட்டினுள் ஓடுங்கால், அதே சாளரமும் அதே மேசையும் மீண்டும் மீண்டும் கடந்து செல்கின்றன. அவ்வளவு நீண்ட கூடத்தை எந்தக் கொத்தனும் கட்டியிருக்க மாட்டான்! சிறுபிராயத்தில் யாம் இதனைக் கண்டிலோம். இப்பொழுது கண்டவுடன் முதலில் ஏளனமே தோன்றியது. ஆயின், ஐந்தாறு கதைகள் கண்ட பின்னர் வேறோர் உண்மை புலனாயிற்று. ஓவியன் கை சுருங்கிய இடத்தில் நடிகன் குரல் விரிந்திருக்கின்றது. கண்களை மூடிக் கேட்பினும் இக்கதைகளுட் பல சுவை குன்றாமல் நிற்கின்றன. வறுமை ஒரு கலையைச் சுருக்கி மற்றொரு கலையை வளர்த்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதின்று.

ஃப்ரெட்டுக்குக் குரல் கொடுத்தவர் ஆலன் ரீட். வில்மாவுக்கு ஜீன் வாண்டர் பைல். பெட்டிக்கு முதல் நான்கு பருவங்களில் பீ பெனடெரெட், பின்னர் ஜெர்ரி ஜான்சன். ஃப்ரெட் மகிழ்ச்சி மிகும்போதெல்லாம் முழங்கும் 'யாபா டாபா டூ' என்னும் கூவல், எழுதி வந்த உரையில் இருந்ததன்று. குரற்பதிவின்போது ஆலன் ரீட் தாமே கேட்டுச் சேர்த்துக்கொண்டது. பொருளற்ற அவ்வொலி, நாள் முழுதும் பாறை சுமந்தவன் வேலை விட்டதும் கொள்ளும் பெருமகிழ்ச்சியைப் பொருளுள்ள சொற்களினும் நன்கு உணர்த்துகின்றது.

பார்னிக்குக் குரல் கொடுத்தவர், பக்ஸ் பன்னி என்னும் முயலின் குரலாகப் புகழ் பெற்ற மெல் பிளாங்க். இவர் 1961ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கொடிய கார் விபத்தொன்றில் சிக்கி, பல நாள் உணர்விழந்து கிடந்தார். அக்காலத்துச் சில கதைகளில் டாஸ் பட்லர் என்பார் பார்னியின் குரலை ஏற்றுப் பேசினார். பின்னர், உடலெங்கும் மாவுக்கட்டுடன் படுக்கையிற் கிடந்தவாறே பிளாங்க் தம் பகுதியைப் பேசிக் கொடுத்தார். பதிவுக் கருவிகள் அவர் படுக்கையருகே கொண்டுசெல்லப்பட்டன. முறையின்றிக் கண்ட நாளில் இவ்வேறுபாடு எம் செவிக்கு எட்டவில்லை. கதைகளை வரிசையாகக் கேட்கும்பொழுது, ஓரிடத்தில் பார்னியின் குரல் அயலார் குரலாக மாறுவதும், பின்னர்ப் பழைய குரல் திரும்புவதும் தெளிவாகக் கேட்கின்றன. நகைக்கத்தக்க அச்சொற்களுக்குப் பின்னே நோயுற்ற ஒருவன் தன் கடமையைச் செய்து கிடந்தான் என்று அறிந்து கேட்குங்கால், நகையோடு வியப்பும் வணக்கமும் உடன் எழுகின்றன.

இனி, இத்தொடரின் நகை எதனாற் பிறக்கின்றது என்பதை ஆராய்வாம். ஜாக்கி கிளீசன் என்பார் நடித்து 1955, 1956ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'தி ஹனிமூனர்ஸ்' என்னும் நாடகத் தொடரின் சாயல் இதில் உண்டு. அதிலும் உரத்த குரலுடைய உழைப்பாளி ஒருவனும், அவனினும் கூர்மையுடைய மனைவியும், வெள்ளையுள்ளம் படைத்த அண்டை வீட்டானும் உளர். தொடரின் முதற்கதையில், மனைவியர் இசைநாடகத்திற்குச் சீட்டு வாங்கி வைத்த அதே இரவில் ஃப்ரெட்டும் பார்னியும் பந்துருட்டு ஆட்டத்திற்குச் செல்ல விரும்புகின்றனர். ஃப்ரெட் நோயுற்றவன்போல் நடிக்கின்றான்; பின்னர் இருவரும் பார்னி செய்த பறக்கும் பொறியில் ஏறி நழுவுகின்றனர். தன் சூழ்ச்சி வெல்லும் என்று நம்புவது பேதைமை. முந்தைய சூழ்ச்சிகள் யாவும் தோற்றிருந்தும் அடுத்த வாரம் மீண்டும் ஒரு சூழ்ச்சியைப் பற்றி நிற்பது மடன். கொண்டதை விடாமையே மடன் என உரையாசிரியர் கூறுவர். அளவிற் பெரிய இம்மனிதன் சிறுபிள்ளையைப்போல் அடம்பிடிப்பதில் இளமை காரணமாகிய நகை பிறக்கின்றது. நான்கனுள் எஞ்சியது எள்ளல். அதனையே யாம் இரண்டாம் முறை கண்டபொழுது புதிதாக உணர்ந்தோம்.

இத்தொடரில் எள்ளப்படுவோர் யாவர்? கற்கால மாந்தரே எனச் சிறுபிராயத்தில் எண்ணினோம். ஆயின், உண்மைக் கற்காலத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இதிற் காணப்படும் மாபெரும் விலங்குகளாகிய டைனோசர்கள் ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்தொழிந்தன. நம்மினத்து மனிதன் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. இருவரும் ஒருங்கு வாழ்ந்த காலமே இல்லை. படைத்தோர் இதனை அறியாதாரல்லர். அவர்கள் எழுதியது 1960ஆம் ஆண்டின் அமெரிக்கப் புறநகர்க் குடும்பத்தையே. தவணையில் வாங்கிய பொருள்கள், முதலாளியின் கோபம், அயலானோடு போட்டி, ஓயாது புதிய கருவிகளை நாடும் ஆசை ஆகிய இவையே கதைப்பொருள். இவற்றின்மீது தோலாடை போர்த்துக் கல்லைப் பூசியவுடன், இன்றியமையாதன என எண்ணிய பொருள்கள் யாவும் நகைப்புக்கு இடமாகின்றன. நகை பிறர்மேல் எழுவதும் தன்மேல் எழுவதும் என இருவகைப்படும் என உரையாசிரியர் விரித்துரைப்பர். முதன்முறை கண்டபோது யாம் நகைத்தது பிறரை. மீண்டும் கண்டபோது நகைத்தது எம்மையே.

இவ்வுண்மையை எமக்குத் தெளிவித்தவன் எம்முடன் அமர்ந்து படம் பார்த்த ஒன்பது வயதுச் சிறுவன் ஆவான். இத்தொடரில் வீட்டுக் கருவிகள் யாவும் விலங்குகளே. இசைத்தட்டின்மீது ஊசியாக அமைவது ஒரு பறவையின் அலகு. தூசி உறிஞ்சுவது ஒரு சிறு யானையின் துதிக்கை. புகைப்படப் பெட்டியினுள் இருந்து கல்லிற் படத்தைக் கொத்துவதும் ஒரு பறவையே. இவை இடையிடையே காண்போரை நோக்கித் திரும்பி, பிழைப்பு இவ்வாறாயிற்றே என்று சலித்துக்கொள்வதுண்டு. பதிவு செய்யப்பட்ட சிரிப்பொலி அவ்விடத்தில் எழும். அன்றும் எழுந்தது, யாமும் சிரித்தோம். சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, அந்தப் பறவைக்குச் சம்பளம் கொடுப்பார்களா?" என்று கேட்டான்.

அவ்வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் வாளா இருந்தோம். நாள்தோறும் சுரங்கத்தில் முதலாளிக்கு அஞ்சி வேலை செய்து, தன் பிழைப்பை நொந்துகொள்பவன் ஃப்ரெட். அவனே வீட்டிற்கு வந்ததும், தன்னினும் எளிய உயிர்களின் பிழைப்பைப் பாராமலே அவற்றைப் பயன்கொள்கின்றான். எழுதியோர் இதனைக் கருதி எழுதினரோ, வேடிக்கையாக மட்டும் எழுதினரோ, அது வேறு. பொத்தானை அழுத்தியவுடன் விளக்கெரிவதையும் குழாயைத் திறந்தவுடன் நீர் வருவதையும் நாம் இயல்பாகக் கொள்கின்றோம். அவற்றுக்குப் பின்னே உழைக்கும் முகத்தை நாம் காண்பதில்லை. பெட்ராக் நகரில் அம்முகம் திரும்பி நம்மைப் பார்க்கின்றது. அவ்வேடிக்கையுள் இத்துணைப் பொருள் பொதிந்திருத்தலைச் சிரித்த யாம் காணவில்லை. சிரியாத சிறுவன் கண்டான்.

அடுத்து, இத்தட்டுகள் எவற்றை மீட்டுத் தந்தன என்பதை நோக்குவாம். முதற்பருவத்துத் தட்டுகள் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தன. 2006ஆம் ஆண்டிற்குள் ஆறு பருவங்களும் முற்றுப்பெற்றன. முதலிரு பருவங்களின் கதைகள் வண்ணத்தில் வரையப்பட்டும், அந்நாளில் கறுப்பு வெள்ளையிலேயே ஒளிபரப்பப்பட்டன. 1962ஆம் ஆண்டிற் தொடங்கிய மூன்றாம் பருவத்திலிருந்தே வண்ணத்தில் வெளிவந்தன. எனவே, 1960ஆம் ஆண்டில் முதற்கதையைக் கண்டோர் காணாத வண்ணங்களை இன்று நாம் காண்கின்றோம். மேலும், இத்தொடருக்குரியதென உலகம் அறிந்துள்ள முகப்புப் பாடல் மூன்றாம் பருவத்திற்றான் தோன்றியது. முதலிரு பருவங்களில் சொல்லில்லாத வேறோர் இசையே முகப்பாக இருந்தது. தொடர் முடிவுற்றபின் மறு ஒளிபரப்புச் செய்தோர், பழைய முகப்புகளை அகற்றிப் புதிய பாடலையே எங்கும் ஒட்டிவிட்டனர். ஆதலின், பல்லாண்டுகளாக மக்கள் கண்டது திருத்தப்பட்ட ஏடே. பழைய சுவடிகளைப் பதிப்பிக்கும் அறிஞர்கள் மூலபாடத்தைத் தேடி வைப்பதுபோல், தட்டுகளை வெளியிட்டோர் அம்முதல் இசையை மீண்டும் உரிய இடத்தில் வைத்தமை பாராட்டுக்குரியது.

ஆயினும், தட்டு யாவற்றையும் தரவல்லதன்று. ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் இடையே ஒரு வாரம் காத்திருந்த ஆவலை அது தாராது. வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, வேலை விட்டு வந்த பெரியோரும் கண்டு களிக்க எழுதப்பட்ட தொடர் இது என்பதையும் தானாக உணர்த்தாது. அக்காலத்தில் இதற்குப் பொருளுதவி செய்தோருள் ஒருவர் வின்ஸ்டன் சிகரெட் உற்பத்தியாளர். ஃப்ரெட்டும் பார்னியும் தம் மனைவியர் வீட்டுவேலையில் அலுத்துக் களைப்பதைக் காணப் பொறாதவர்களாய், உதவி செய்தற்கு மாறாக, வீட்டின் பின்புறம் சென்று புகைபிடித்து மகிழ்வதாக ஒரு விளம்பரமும் வரையப்பட்டது. புகைபிடித்தலின் கேட்டை விளக்கும் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை 1964ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. 1971ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2ஆம் நாள் முதல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரமே தடுக்கப்பட்டது. சிறுவர் விரும்பும் சித்திரமே சிகரெட்டை விற்றது என்னும் செய்தி இன்று நமக்குத் திடுக்கம் விளைப்பது. அதனை மறைத்துப் போற்றுதலும் கூடாது. அஃதொன்றைக் கொண்டு முழுவதையும் தள்ளுதலும் கூடாது. அறிந்தே காண்டல் வேண்டும்.

குறை அஃதொன்றே அன்று. மனைவியர் அடுக்களைக்கும் கடைவீதிக்கும் உரியர், கணவர் பொய் சொல்லி நழுவுதற்கு உரியர் என்னும் பழைய எண்ணம் கதைகள் பலவற்றில் ஊறிக்கிடக்கின்றது. பெரும்பாலும் வில்மாவே வெல்கின்றாள் என்பது உண்மையே. எனினும், வென்றபின் அவள் திரும்புவது அதே அடுக்களைக்கே. இறுதிப் பருவத்தில் வேற்றுலகிலிருந்து கசூ என்னும் குறுமனிதன் ஒருவனைக் கொணர்ந்து புகுத்தியதும் எமக்குச் சுவைக்கவில்லை. அதுகாறும் ஃப்ரெட்டின் இடர் அவன் குணத்தாலேயே விளைந்தது. பின்னர் மந்திரத்தால் விளையலாயிற்று. குணத்திற் பிறக்கும் நகையே நிலைபெறும். அற்புதத்திற் பிறப்பது அடுத்த அற்புதம் வரையே நிற்கும்.

இக்குறைகளுக்கிடையே எம்மை நெகிழ்வித்த பகுதியொன்றைக் கூறி முடிப்போம். 1963ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 22ஆம் நாள் வெளிவந்த கதையில் ஃப்ரெட்டுக்கும் வில்மாவுக்கும் பெபிள்ஸ் என்னும் பெண்மகவு பிறக்கின்றது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஒரு கதையில், மகப்பேறில்லாத பார்னியும் பெட்டியும் அயல்வீட்டுக் குழந்தையைக் கொஞ்சிக் கொஞ்சி உள்ளம் ஏங்குகின்றனர். விண்மீனை நோக்கி வேண்டிக்கொள்கின்றனர். மறுநாள் காலை அவர்கள் வாயிலில் ஓர் ஆண்குழந்தை கிடக்கின்றது. பாம்பாம் என்னும் அக்குழந்தையைத் தம் மகவாக வளர்க்கும் உரிமைக்காக அவர்கள் நீதிமன்றம் வரை செல்கின்றனர். சிறுபிராயத்தில் எமக்கு அக்குழந்தையின் அளவிறந்த வலிமையே வேடிக்கையாக இருந்தது. பார்னியின் ஏக்கம் கண்ணிற் பட்டதே இல்லை. இம்முறை, எந்நாளும் சிரித்த முகத்தனாகிய பார்னி, தன் நண்பன் வீட்டிலிருந்து மனைவியோடு தன் வீட்டிற்குத் திரும்பும் காட்சி எம் நெஞ்சை விட்டகலவில்லை. மகப்பேறின்மையின் துயரையும் வளர்ப்பு மகவின் உரிமையையும் ஒரு நகைச்சித்திரம் 1963ஆம் ஆண்டிலேயே எள்ளாது எடுத்துக்கூறிற்று என்பது சிறிய செயலன்று.

நண்பர்காள், பழைய நகைச்சுவையை மீண்டுங் காண்போர் இருவகையினர். ஒருசாரார் இழந்த இளமையைத் தேடிச் சென்று, அஃது அங்கு இன்மை கண்டு வருந்துவர். மற்றொருசாரார் குற்றம் காணவே அமர்ந்து, குற்றமே கண்டு எழுவர். இரண்டும் வேண்டா. படைத்தோரின் உழைப்பையும் அவர் காலத்தின் குறையையும் ஒருங்கே அறிந்து, நகைக்கத்தக்கதை நகைத்து, வினவத்தக்கதை வினவிக் காண்போமாக. இயலுமாயின் தனியே காணாது, நம்மினும் இளையோர் ஒருவரை அருகிருத்திக் காண்போமாக. அவர் நகைக்குமிடமும் நகையாதிருக்குமிடமும் நமக்கு உரையாக அமையும்.

தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அச்சிறுவன் மீண்டும் ஒருமுறை அப்பறவையைக் காண விரும்பினான். போட்டுக் காட்டினோம். இம்முறை அவனும் சிரித்தான். சிரித்தபின், "பாவம்" என்றான்.